துடைக்காத சந்துகள்

சாயங்காலம் மணி நாலானதும் குழந்தைவேல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கேட்டுக்குப் போனார், தெருமுனையைப் பார்த்தார், திரும்பி வந்தார், மறுபடி போனார். தினமும் இதே கூத்துதான்.

“யாரோ வரோணுமாட்ட இருக்குது அம்மிணி. யாருன்னுதான் தெரியல.”

மனைவி ரேணுகாவுக்குத் தெரியும். அது பள்ளி வேன் வரும் நேரம். ஒரே மகளைப் பறிகொடுத்த துக்கம் தாங்காமல், தலைக்குள் பதித்திருக்கும் மின்னணு நினைவுச் சில்லிலிருந்து அவளை அழித்துக்கொண்டவர் அவர். அப்புறமும் ஏன் இந்தத் தவிப்பு?

ரேணுகா பம்புசெட்டுகளுக்குப் புரோகிராம் எழுதுகிறவள். சில்லைத் தானே திறந்து பார்த்தாள். அதில் ஒவ்வொரு பதிவும் எட்டின் மடங்கான இடத்தில்தான் தொடங்க வேண்டும். அதற்காக நடுநடுவே சில பைட்டுகளைச் சந்துபோலச் சும்மா விடுவார்கள்; பழைய பதிவின் மிச்சம் அங்கே தங்கிவிடும். இயந்திரம் அதைப் படிக்காது என்று யாரும் துடைப்பதில்லை. தன் பம்புசெட் புரோகிராம்களில் அவளும்தான் துடைத்ததில்லை. மனுஷன் படித்துவிடுகிறான் போலிருக்கிறது. அந்தச் சந்துகளில் மகள் துண்டுதுண்டாகக் கிடந்தாள்: ஒரு ஹாரன் சத்தம், ரிப்பனின் சிவப்பு, ‘அப்பா’வில் பாதி.

வெளியே கேட் மறுபடி கிறீச்சிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாச் சந்துகளிலும் பூஜ்ஜியத்தை நிரப்பித் துடைத்தாள்.

மறுநாள் நாலு மணிக்குக் குழந்தைவேல் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரேணுகாவுக்குத்தான் உட்கார முடியவில்லை. கேட்டுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள்.

“யாராச்சும் வராங்களா அம்மிணி?” என்று உள்ளிருந்து கேட்டார் அவர்.

“இல்லீங்க” என்றாள், தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல்.