கடைசியாக வருபவர்

வேல்ஸ் கடலோர நடைபாதை மேய்ச்சல் நிலங்களின் வழியே போகிறது. வழியில் ஏழு கேட்டுகள். கடைசியாக வருபவர்தான் சாத்திக் கொக்கி போட வேண்டும். இல்லாவிட்டால் ஆடுகள் வெளியேறிப் பாறை விளிம்பிலிருந்து விழும். சனிக்கிழமை எங்கள் குழுவில் அந்த வேலை எனக்கு.

முதல் கேட்டில் மறந்துவிட்டேன். நினைவு வந்து திரும்பி ஓடினால், சாத்திக் கொக்கி போட்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் யாரும் இல்லை.

இரண்டாவதை வேண்டுமென்றே திறந்து விட்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் கொக்கி விழும் சத்தம் கேட்டது. அதன்பிறகு நான் ஒரு கேட்டையும் தொடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"டேய் இதெல், எல்லாத்தையும் சாத்தினியா?" என்று குழுவில் முன்னால் போன மென்னா என்னைப் பார்த்துக் கத்தினாள். "ஒரு ஆடு விழுந்துச்சுன்னா, அடுத்து உன்னைத் தள்ளிவிடுவேன்!"

"சாத்தியாச்சு, தாயே."

பாதை முடிவில் நாலு மணி பஸ் நின்றது. எல்லோருக்கும் பிறகு நான் ஏறினேன். டிரைவர் கதவை மூடவில்லை.

"கொஞ்சம் உள்ளே போங்க. பின்னாடி வர்றவர் ஏறணும்ல?"

"நான்தாங்க கடைசி ஆள்."

அவர் என் தோளுக்கு மேலே பார்த்து, யாருக்கோ வணக்கம் சொல்வதுபோலத் தலையசைத்தார். பிறகுதான் கதவை மூடினார்.

என் வீட்டில் நான் மட்டும்தான். தெருவோரக் கேட்டைத் திறந்து, அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். பின்னால் கொக்கி விழுந்தது.

இப்போது வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறேன். நான் உள்ளே போனால், கடைசியாக வருபவர் இதையும் சாத்துவார்.