பத்திரமா இருக்கேன் அம்மா

"சாப்டாச்சும்மா. நூடுல்ஸ்தான், ஆனா வயிறு நெறஞ்சுது" என்று செல்போனில் தட்டி அனுப்பினான் ஹீசுங். அடுத்த நொடியே கொரியாவிலிருந்து முத்தப் படம் ஒன்று வந்து விழுந்தது. பாவம், அந்த அம்மாவுக்குப் போனைக் கீழே வைக்கவே மனசு வராது போலிருக்கிறது.

தொட்டியில் வாழைக்கறை படிந்த சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்த யேரின் திரும்பிப் பார்த்தாள். "அடுத்தவன் அம்மாவுக்குப் புள்ளையா நடிக்கறியே, உனக்கே இது கொஞ்சம் ஓவராத் தெரியல?"

போன் தேகனுடையது. ஒரு வருஷம் வேலையும் பார்க்கலாம், ஊரும் சுற்றலாம் என்று ஆஸ்திரேலியா வந்து, இன்னிஸ்ஃபெயில் வாழைப்பண்ணையில் குலை சுமந்தவர்கள் இந்த மூன்று பேரும். போன வாரம் தேகன் ஓர் ஓட்டைக் காரை வாங்கி, கேத்தரின் என்கிற ஊர்ப் பக்கம் மாம்பழம் பறிக்கிற வேலைக்குக் கிளம்பினான். செம்மண் பொட்டலைத் தாண்டிப் போகிற பயணம். விடிவதற்குள் கிளம்புகிற அவசரத்தில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்த போனை மறந்துவிட்டான், மகராசன்.

படுக்கை விரிப்பை மாற்றும்போதுதான் அது ஹீசுங் கையில் கிடைத்தது. அதைத் திறக்கும் எண் அறையில் எல்லோருக்கும் தெரியும். பாட்டுப் போடுவதே அதில்தான். சார்ஜ் ஏறியதும் தேகன் அம்மாவின் மெசேஜ்கள் மடமடவென்று கொட்டின. 'எங்கடா இருக்க?' 'ஏன் எடுக்க மாட்டேங்கற?' 'உசுரோட இருக்கியா இல்லியா?'

ஹீசுங்குக்குச் சிரிப்புதான் வந்தது. அவனுடைய சொந்த அம்மாவும் அப்படித்தான், ஒரு நாள் போன் எடுக்காவிட்டால் மறுநாள் ஒப்பாரியே வைத்துவிடுவாள். 'பத்திரமா இருக்கேன் அம்மா. வேலை ஜாஸ்தி. பேசற அளவு சிக்னல் இல்ல' என்று தேகன் பெயரில் பதில் போட்டான். அன்றிலிருந்து தினமும் இதுதான்.

"உண்மையச் சொல்லித் தொலையேன்டா" என்றாள் யேரின்.

"என்னன்னு சொல்ல? ஒத்தையா கார் ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான்னா? அவங்கப்பா லாரி மோதிச் செத்தவரு. இவன் பஸ்ஸுல போறதா அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கான். நான் உளறிட்டா அந்தம்மா நெஞ்சு தாங்குமா?"

"சரி, அந்த எருமையாவது நமக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"நம்பர் எல்லாம் இதுலதானே கெடக்கு. துரை மனப்பாடமா வெச்சிருப்பாரு? வருவான் பாரு, போன் போன்னு அலறிக்கிட்டு."

அப்போது அம்மாவிடமிருந்து குரல் மெசேஜ் வந்தது. யேரினும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான். அந்த அம்மாவின் குரலில் வெட்கச் சிரிப்பு வழிந்தது.

"தேகன், அம்மாவத் திட்டக் கூடாது, சரியா? நான் பண்ண கூத்தை இத்தனை நாளா சொல்லாம மறைச்சிட்டேன். அந்த மாம்பழப் பண்ணை மேஸ்திரி நம்மூர்க்காரராமே. போன வாரம், நீ குடுத்திருந்த நம்ம வீட்டு நம்பருக்குக் கூப்பிட்டு, உம்மவன் வந்தே சேரலன்னுட்டார்."

ஹீசுங்கின் சிரிப்பு அப்படியே நின்றது.

"எனக்கு உசுரே போயிடுச்சு. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, அங்கத்த போலீஸ் வரைக்கும் விஷயம் போயி, நீ எந்த பஸ்ஸுலயும் ஏறலன்னு தெரிஞ்சு, மறுநாள் ஹெலிகாப்டர் கிளப்பித் தேடறோம்னு அவங்களும் சொல்லிட்டாங்க."

யேரின் ஈரக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கிடைக்காத அந்தப் பொட்டலில் என்ன வெயில் அடிக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.  ஹீசுங்குக்குப் போனை அணைக்கவும் விரல் வரவில்லை. அந்த அம்மா சந்தோஷமாகப் பேசிக்கொண்டே போனாள்.

"நல்லவேளை, அன்னிக்கு ராத்திரியே உன் மெசேஜ் வந்துது. நீ வேற பண்ணைக்கு மாறிட்டன்னு புரிஞ்சுக்கிட்டேன். என் புள்ள கிடைச்சுட்டான், இனிமே தேட வேணாம்னு நானே சொல்லி நிறுத்திட்டேன்."