மூன்று நாள் லீவு

“ஊருக்குப் போவணும்னா ரிசைன் பண்ணிட்டுப் போ. அதுக்கு எங்கள ஏன் பன்னெண்டு மணி நேரம் நிக்க வெக்கிற?” என்றான் சுபாஷ்.

கேன்டீனில் சிரிப்பு எழுந்தது. ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை அது. முதல் ஷிஃப்ட் முடிந்து, தகடுகளை அழுத்தி வடிக்கும் பிரஸ் பிரிவின் நாற்பத்தோரு பேரும் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். இப்போதுபோல வாரத்தில் ஆறு நாள் எட்டு மணி நேர வேலையா, இல்லை தினம் பன்னிரண்டு மணி நேரமாக நான்கு நாள் உழைத்துவிட்டு மூன்று நாள் லீவா? சீட்டில் எழுதிப் போடச் சொல்லியிருந்தது நிர்வாகம்.

மூன்று நாள் லீவு வேண்டுமென்று பேச எழுந்த வேல்ராஜ், பாதியில் பேச்சை நிறுத்திவிட்டான்.

“அவன் பேசி முடிக்கட்டும்,” என்றார் சுப்பிரமணி. எட்டு மணி நேரத்துக்காகப் பேச வந்தவர் அவர். “நம்ம வூடு மண்ணூர்ல கீது சுபாஷ். அரை மணி நேரத்துல போயிடறோம். நீ சொல்லு வேல்ராஜ்.”

“கோவில்பட்டிக்குப் போவ ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி அண்ணாச்சி. ஒருநா லீவுல எப்படிப் போவ? போன தடவ எம்மவ என்னப் பாத்துட்டு அவ அம்மா பின்னால போயி ஒளிஞ்சிக்கிட்டா. நான் யாருன்னே அவளுக்குத் தெரியல.”

யாரும் சிரிக்கவில்லை.

சுப்பிரமணி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“வேல்ராஜ் கேக்கறது நியாயம். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. எனக்கு நடந்தத மட்டும் சொல்றேன். போன மாசம் ஓ.டி. பாத்தேன். பத்தாவது மணி நேரம், கண்ணு சொக்கிடுச்சி. கை பிரஸ்ஸுக்குள்ள போயிடுச்சி. சென்சார் மெஷின நிறுத்துனதால கை மிஞ்சிச்சி. வூட்ல கூட சொல்லல. புள்ளையத் தூக்க ரெண்டு கையும் வேணும் வேல்ராஜ்.”

வேல்ராஜ் உட்கார்ந்தான்.

சீட்டுகளை எண்ணினார்கள். இருபத்தொன்றுக்கு இருபது. எட்டு மணி நேரம்தான் ஜெயித்தது.

கம்பெனி பஸ்ஸை நோக்கி நடக்கையில் வேல்ராஜ் சுப்பிரமணியின் பக்கத்தில் வந்தான்.

“ஜெயிச்சிட்டு ஏன் அண்ணாச்சி இப்படி தலையத் தொங்கப்போட்டுட்டு வாரீய? எனக்காவ வருத்தப்படாதீய. உங்க கை விசயத்தக் கேட்ட பொறவு மனசு வரல. என் சீட்டுலயும் எட்டுன்னுதான் எழுதுனேன்.”

சுப்பிரமணி அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னா வேல்ராஜ் இப்டி பண்ணிட்ட?” என்றார் மெல்ல. “நான் பன்னெண்டுன்னு எழுதிப் போட்டேனே.”