மாப்பிள்ளைக்குக் கொடுத்த வண்டி

மகள் முகம் வாடாமல் இருக்க அவர் கொடுத்த விலை ஆறே முக்கால் லட்சம். அதுவும் செகண்ட் ஹேண்டில்.

அந்த வண்டியின் பின் சீட்டில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வேர்வை.

ஏ.சி. ஓடுகிறது. காற்று மட்டும் வருகிறது.

"வண்டி நின்னா குளிரும் நின்னுடும் மாமா," என்றான் மாப்பிள்ளை, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. "ஓடினாத்தான் ஜில்லுன்னு வரும்."

"அப்ப ஓட்டுங்க மாப்ளே."

"எங்க ஓட்டறது? முன்னாடி பாருங்க."

முன்னால் சேலம் ஐந்து ரோடு பாலம். ஏற்றம் முழுக்க வண்டிகள்.

விருதுநகரில் அவருக்கு மிளகாய் வத்தல் மண்டி. எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று சொன்ன சம்பந்தியைப் பார்த்து மிரண்டுபோய், அவராக வலியப் போய்க் கொடுத்த எஸ்.யூ.வி. இது. சின்னது, ஆனால் பார்வைக்குப் பெரிசு.

வாங்கும்போது பம்பரில் ஒரு கீறலைக் கண்டுபிடித்துவிட்டார். அதைத் தடவித் தடவியே நாற்பதாயிரம் குறைத்தார். விற்றவன் அழாத குறை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பு.

விற்றவன் எவ்வளவு சிரித்திருப்பான் என்று பிறகுதான் தெரிந்தது. கீறல் கிடைத்த ஜோரில் பானெட்டைத் திறந்து பார்க்கவே இல்லை.

ஞாயிறு தவறாமல் மாப்பிள்ளையிடமிருந்து போன் வரும்.

டச் ஸ்கிரீன் கறுத்துப் போச்சு மாமா. சைலன்சர்ல கரி அடைச்சு மீட்டர்ல விளக்கு எரியுது மாமா. பள்ளத்துல இறங்கினா அடியில டொக்கு டொக்குங்குது மாமா.

"வேற ஒண்ணும் குறையில்லையே மாப்ளே?"

"வண்டி மட்டும்தான் மாமா."

அப்புறம் போன் மகள் கைக்குப் போகும்.

"நல்லா இருக்கேன்ப்பா."

அவ்வளவுதான் பேச்சு. பேசுவது காளீஸ்வரி. பிறந்த வீட்டில் காப்பியில் சர்க்கரை குறைந்தால் தெருவையே கூட்டியவள்.

எடை ஏறுவதற்காகத் தண்ணீர் தெளித்த வத்தல் மூட்டை அப்படித்தான் இருக்கும். மேலே பளபளவென்று சிவப்பு. உள்ளே கையை விட்டால்தான் பூஞ்சை.

அப்பன் மிச்சம் பிடித்த நாற்பதாயிரத்துக்கு, மகள் சோற்றுத் தட்டின் முன்னால் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாளோ?

அதைப் பார்க்கத்தான் பஸ் ஏறி வந்தார். காலையிலிருந்து பார்க்கிறார். முன் சீட்டில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து மகள் பேசுவதெல்லாம் இவ்வளவுதான்.

"ஏங்க, தண்ணி வேணுங்களா?"

"சரிங்க."

"நீங்க சொன்னாச் சரிதாங்க."

ஒவ்வொரு 'ங்க'வையும் அவர் எண்ணிக்கொண்டே வந்தார். பயந்தவள்தான் இவ்வளவு அளந்து பேசுவாள்.

பாதி ஏற்றத்தில் எல்லா வண்டியும் நின்றது. பிறகு முன்னால் இருந்த ஆட்டோ நகர்ந்தது.

மாப்பிள்ளை ஆக்சிலேட்டரை மிதித்தான். இன்ஜின் அலறியது.

கருகல் வாடை.

வண்டியும் நகர்ந்தது.

பின்னால்.

அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி நிறைய ஒரு டவுன் பஸ். பெரிதாகிக்கொண்டே வந்தது.

"டேய்! ஹேண்ட் பிரேக்கைப் போடுடா, எருமை!"

"போட்டுட்டேன்டி, கத்தாதே! இந்த வழியாப் போலாம்னு சொன்னதே நீதான்!"

"ஏத்தத்துல அரை கிளட்ச்சுல நிக்காதேன்னு எத்தனை வாட்டிடா சொல்றது?"

"உங்கப்பா வாங்கின வண்டியில முழு கிளட்ச் எங்கடி இருக்கு?"

"எங்கப்பாவை இழுத்தே, நடந்துதான் வீட்டுக்கு வருவே!"

வண்டி நின்றிருந்தது. பஸ்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்.

அப்புறம்தான் இரண்டு பேருக்கும் பின் சீட்டு ஞாபகம் வந்தது.

மாப்பிள்ளையின் காது சிவந்தது. காளீஸ்வரி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

"போட்டுட்டீங்களாங்க?" என்றாள், மெதுவாக.

"போட்டாச்சும்மா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதில் எதுவும் விழாத மனிதரைப் போல, எதிரே இருந்த ஜவுளிக்கடை போர்டை ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. இவருக்கு அது கெட்டிமேளமாகக் கேட்டது.

இருவரும் இறங்கி முன்பக்கம் போனார்கள். பானெட் ஏறியது. அதன் ஓரமாகத் தெரிந்த மட்டும் பார்த்தார். அவள் கையை நீட்டி நீட்டிப் பேசினாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சத்தம் வெளியே வராமல் இரண்டு பேரும் சிரித்துக் குலுங்கினார்கள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. ஊரிலிருந்து அவர் சம்சாரம். காலையிலிருந்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லையென்று அவர் எடுக்காமலே இருந்தார்.

எடுத்தார்.

"என்னங்க, பாத்தீங்களா? எப்படி இருக்கா?"

"வண்டி மொத்தமாப் போச்சு," என்றார்.

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க? அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?"

"போனதை வரிசையாச் சொல்றேன், கேட்டுக்கோ. ஏ.சி. போச்சு. கிளட்ச் போச்சு. மாப்பிள்ளைக்கு இருந்த மரியாதை போச்சு."

"ஐயய்யோ. அப்புறம்?"

வெளியே அவள் அவனைத் தள்ளிவிட்டு, தானே பானெட்டுக்குள் குனிந்தாள்.

"அப்புறமா? அவ்வளவுதான். வேற ஒண்ணும் போகலை."