குற்றாலத்து விருந்து

"ஏட்டி, ஒரு குரங்கு ஒம் பழத்துல கை வச்சிருமா? நான்தான் கம்போட நிக்கேம்லா!"

நஸீபா பதறவே இல்லை. பதறியதெல்லாம் அவள் கணவன் முஃபீதுதான். துபாயிலிருந்து லீவில் வந்த மனுஷன், அருவியில் தலையைக் காட்டக்கூட நேரமில்லாமல், காலையிலிருந்து இந்தக் கண்காட்சிப் பந்தலில் காவல் நிற்கிறான்.

மேசையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் இரண்டு தாம்பாளங்கள். ஒன்றில் முஃபீது செங்கோட்டைப் பக்கம் தோப்புத் தோப்பாக அலைந்து வாங்கிவந்த மங்குஸ்தான், ரம்புட்டான், மலை வாழைப்பழம். இன்னொன்றில் அருவிக்கரையில் நஸீபா பொறுக்கிய காலி சிப்ஸ் பாக்கெட்டுகள். ஓவியமும் இல்லை, சிலையும் இல்லை. பொருள்களையே அடுக்கிக் காட்டும் இன்ஸ்டலேஷன் கலை என்றாள். பெயர், 'விருந்து'.

தேர்வானால் சென்னைக் கண்காட்சிக்குப் போகலாம். போன இரண்டு வருஷமும் கைநழுவிப் போனது. இந்தத் தடவையும் இல்லையென்றால் இந்தக் கலை வேலையையே விட்டுவிடுவதாக போனில் அழுதிருந்தாள். அந்த அழுகைதான் முஃபீதைக் கம்பெடுக்க வைத்தது.

"அந்தப் பாக்கெட்டையாவது கழுவி வச்சிருக்கலாம்லா. மசாலா வாடை மூக்கத் தொளைக்கி."

"இருக்கட்டும் மச்சான்."

மரத்திலிருந்து ஒரு குரங்கு எட்டிப் பார்த்தது.

"ஏய், போ அங்கிட்டு! தொலிய உரிச்சிருவேன்!"

நடுவர் காந்திமதிநாதன் வந்தார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றினார். உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தப் பக்கம் பழம், அந்தப் பக்கம் குப்பை. நல்ல கருத்துதான். ஆனா இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளே செஞ்சிடுமேம்மா?"

முஃபீது கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"இன்னும் முடியல சார். ஒரு நிமிஷம்" என்றாள் நஸீபா. "மச்சான், கம்பக் கீழ போட்டுட்டு இங்கன வாங்க."

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? மொத்தத்தையும் வாரிட்டுப் போயிரும்!"

"வாங்கன்னா வாங்க."

கம்பு கீழே விழுந்ததுதான் தாமதம், குரங்குக் கூட்டமே தடதடவென்று இறங்கியது. "யா அல்லாஹ்!" என்று முஃபீது கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தம் அடங்கியது.

"போச்சா? எல்லாம் போச்சா?"

"கண்ணத் தொறந்து பாருங்க."

பழத் தட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. குப்பைத் தட்டு காலி. மரக்கிளையில் குரங்குகள் ஆளுக்கொரு சிப்ஸ் பாக்கெட்டுக்குள் மூஞ்சியை விட்டு நக்கிக்கொண்டிருந்தன.

"இப்ப முடிஞ்சுட்டு சார்."

காந்திமதிநாதன் மரக்கிளையை அண்ணாந்து பார்த்தார்.

"பாவம், பழத்தையே மறந்துடுச்சுங்களே" என்றார். பிறகு நஸீபாவைப் பார்த்துக் கைகுவித்தார். "சென்னைக்குக் கிளம்புங்கம்மா."

அவர் தலை மறைந்ததும் முஃபீது மனைவியை முறைத்தான். ஆனால் அவனாலேயே சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அடியே, அப்போ காலையில இருந்து ஒம் பழத்துக்கு நான் காவல் நின்னது?"

"பழத்துக்கு எதுக்கு மச்சான் காவலு? குப்பைக்குல்லா நின்னீங்க!"