கேள்விக்குக் கேள்வி

ஆராய்ச்சி மாணவன் ஷாஜி, பக்கத்து வீட்டு சுபாஷிணிக்குத் தர வேண்டிய கடன் 2,350 ரூபாய். மட்டாஞ்சேரி படகுத்துறையில் அவள் அவனைப் பிடித்துவிட்டாள்.

“பைசா எப்போடா தருவே?”

“எப்போ முடியும்னு சேச்சிக்குத் தோணுது?”

“யுனிவர்சிட்டியில கம்ப்யூட்டர் பாடம் எடுக்க உன்னை விட்டா, அந்தச் சம்பளத்துல.”

“எப்போ விடுவாங்க?”

“டீச்சிங் டிரெயினிங்ல பாஸானா.”

“ஆகலைன்னா?”

“என் பைசா போச்சு.”

“பாஸ் போடறது யாரு?”

அந்தப் பயிற்சியை நடத்தும் பேராசிரியை சுபாஷிணிதான். ‘விடையைச் சொல்லாதீங்க, கேள்வி கேட்டு அவங்களையே கண்டுபிடிக்க வையுங்க’ என்று காலையில் அவன் இருந்த வகுப்பில் சொன்னதும் அவள்தான்.

“நல்லா படிச்சிருக்கே. பாஸ்,” என்றாள்.

“அப்போ பைசா?”

“வேண்டாம்டா. வாங்கினா, கடனுக்காகப் பாஸ் போட்டேன்னு ஆயிடும்.”