செருப்போடு வந்தவர்

"எல்லாம் அந்தப் படத்தால வந்தது, சித்தப்பா" என்றான் சுனில்.

"எந்தப் படம்லே?" என்றார் தாணு.

"பழைய கறுப்பு வெள்ளைப் படம். புருஷன் செத்துப்போன ஒருத்திக்கும் ஒரு பேய்க்கும் காதல். அம்மாவுக்குப் பொழுது போகட்டும்னு நான்தான் டிவியில போட்டுக் குடுத்தேன். திரும்பத் திரும்ப அதையே பாத்தா. இப்ப அப்பா வாறாராம்."

அப்பா இறந்து வருடம் திரும்பவில்லை. திருவனந்தபுரம் சாலை பஜாரில் உள்ள பாத்திரக் கடையை விற்றுவிட்டு, அம்மாவைக் கழக்கூட்டம் ஃபிளாட்டுக்கு அழைத்துப் போவதாகச் சுனில் எல்லாம் பேசி முடித்திருந்தான். நாளைக்குக் கையெழுத்து. இன்று காலையில் அம்மா, "கடையை விக்கக் கூடாதுன்னு உங்கப்பா சொல்லிட்டாவ" என்றாள்.

"நல்ல டாக்டராப் பாக்கணும்" என்றான் சுனில்.

கிருஷ்ணவேணி அடுக்களையிலிருந்து வந்து உட்கார்ந்தாள். முறுக்குத் தட்டைக் கொழுந்தன் பக்கம் நகர்த்தினாள். பைத்தியம் பிடித்தவள் போலத் தெரியவில்லை.

தாணு தொண்டையைச் செருமினார்.

"மதினி, அண்ணன் சொப்பனத்துல வந்தானா?"

"இல்ல. நேர்ல. விளக்கு வைக்கிற நேரம்."

"எப்படி வந்தான்?"

"செருப்பைக் கழட்டாம உள்ள வந்தாவ. யாரையும் கேக்காம ஃபேனைக் கூட்டி வச்சிட்டு, அந்த நாற்காலியில உக்காந்தாவ."

தாணு நிமிர்ந்தார். "அண்ணனேதான்."

சுனில் அந்த நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டான்.

"என்ன சித்தப்பா, நீங்களுமா?"

"நீ சும்மா இருலே. வேற என்ன சொன்னான், மதினி?"

"கடைச் சாவியை எங்கிட்ட குடுக்கணுமாம். நான்தான் நடத்தணுமாம்."

"அம்மாவுக்குக் கடையைப் பத்தி என்ன தெரியும்?"

"அதை உங்கப்பாகிட்டக் கேளு."

சுனில் கேட்கவில்லை.

"செத்தவன் வார்த்தையை மீறிக் கையெழுத்துப் போட்டா குடும்பம் விளங்குமா?" என்று தாணு போனை எடுத்தார். கடையை வாங்க இருந்தவரிடம் மலையாளத்தில், "கச்சவடம் நடக்கில்ல. சேட்டன் சம்மதிக்குன்னில்ல" என்று வியாபாரத்தை முறித்தார். சம்மதிக்காத அண்ணன் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லவில்லை.

சுனில் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தான்.

புறப்படும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தாணு யோசித்தார். ஏதோ இடித்தது. வழியனுப்ப வந்தவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மதினி, உசுரோட இருந்தப்ப கடையைத் தலை முழுகணும்னுதான அண்ணன் சொல்லிட்டிருந்தான்? செத்த பிறகு எப்படி மனசு மாறினான்?"

கிருஷ்ணவேணி சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கடையை விக்க வேண்டாம், நானே நடத்துறேன்னு போன ஞாயித்துக்கிழமை நான் சொன்னேன். அதுக்கு நீங்க, 'மதினி, காபியில சீனி பத்தல'ன்னு சொன்னிய."